மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை!

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகள் லீவுக்கு மதுரை வந்திருந்தாள். துணி காயப்போட என்னோடு மொட்டை மாடிக்கு வந்தவள், ஓரத்தில் இருந்த என் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அத்தே! இது எங்க ஊரு டேண்டிலியன் மாதிரியே இருக்கே!" என்று கூவினாள்.

டேண்டிலியன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவள்தான் விளக்கினாள். அங்கே புல்தரை கண்ட இடமெல்லாம் தானாக முளைக்கும் செடியாம். மஞ்சள் பூ. பூ முற்றினதும் வெள்ளைப் பஞ்சு உருண்டையாகிவிடும். குழந்தைகள் 'ப்பூ' என்று ஊதினால் விதை ஒவ்வொன்றும் குடை பிடித்துக்கொண்டு பறக்கும். நம் பக்கத்தில் எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் 'தாத்தாப் பூச்சி' என்று துரத்திப் பிடிப்போமே, அந்த மாதிரி. இலை ஓரம் பல் பல்லாக இருப்பதால் பிரெஞ்சுக்காரர்கள் 'சிங்கத்தின் பல்' என்று பெயர் வைத்தார்களாம். அதுதான் வாய்க்கு வாய் மாறி டேண்டிலியன் ஆகிவிட்டது. பாதி ஜனம் களை என்று பிடுங்கி எறிகிறது. மீதி ஜனம் இளம் இலையைப் பச்சையாகச் சாப்பிடுகிறது. வேரை வறுத்துப் பொடித்துக் காப்பி மாதிரிக் குடிக்கிறவர்களும் உண்டு. இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. நம் பில்டர் காப்பிப் பொடியில் கலக்கிறோமே சிக்கரி, அதுவும் டேண்டிலியனுக்கு நெருங்கின சொந்தக்காரச் செடியின் வேர்தான்.

"ஈரலுக்கு நல்லதுன்னு அங்கே பாட்டிங்க சொல்வாங்க அத்தே" என்றாள் கடைசியில். நான் சிரித்துவிட்டேன். என் தொட்டியில் இருந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பற்றி நம் ஊர்ப் பாட்டிகளும் அதையேதான் சொல்கிறார்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் பல சின்னப் பூக்கள் சேர்ந்த கொத்து. டேண்டிலியன் குளிர் தேசத்துச் செடி, நம் மதுரை வெயிலில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் அதற்கு ஆசைப்படாமல் நம் கரிசலாங்கண்ணியை வளர்க்கலாம். ஆனால் வளர்ப்பதற்கு முன்னால் அது கரிசலாங்கண்ணிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

2022-ஆம் வருஷம், சித்திரைத் திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். என் சின்ன மகனுக்கு அப்போது பதினோரு வயது. நாலு நாளாகச் சோறு வேண்டாம் என்றான், வயிற்றைப் பிரட்டுகிறது என்றான். வெயில் சூடு என்று விளக்கெண்ணெய் தடவி விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றுக்குப் போனது கடுகெண்ணெய் நிறத்தில் இருக்க, கண்ணைப் பிதுக்கிப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

"காமாலைத்தா! இதுக்கு எதுக்கு டாக்டரு? மாடியிலேதான் மஞ்சக் கரிசலாங்கண்ணி தழைச்சுக் கெடக்கே, அரைச்சு மோருலே குடு. உப்பு சேக்காதே" என்றார்கள் என் மாமியார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலேயே எதிர்வீட்டு மதினி ஆசையாகக் கொடுத்த செடி அது. ஒரு கொடிதான் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் தொட்டியைத் தாண்டித் தரையெல்லாம் படர்ந்து, பளபளவென்று இலை, பெரிய பெரிய மஞ்சள் பூ. பார்க்க அத்தனை அழகு!

கைப்பிடி இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தேன். குடித்த அரை மணியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. "மருந்து வேலை செய்யுது" என்றார்கள் அத்தை. மறுநாளும் கொடுத்தேன். அன்றும் வாந்தி. பத்தியம் என்று உப்பில்லாத கஞ்சி மட்டும்தான். அதையும் பிள்ளை குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் கண்ணைத் திறக்காமல் முனகுகிறான், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பேசாமல் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் கிருமி. அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருகிறது. உடம்புக்குள் போய் 15 நாளிலிருந்து 50 நாள் கழித்துத்தான் வெளியே காட்டுமாம். கணக்குப் போட்டால் திருவிழா நேரம் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் போன இடத்தில் எங்கெங்கே என்னென்ன குடித்தானோ, யாரைக் குறை சொல்வது? பிள்ளையை ரொம்பவும் வாட்டியது நோயைவிட உடம்பில் நீர் வற்றியதுதான் என்றார் டாக்டரம்மா. "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டபோது சொல்லவே நாக்கு எழவில்லை. அத்தைதான் முன்னால் வந்து, "நாந்தான் சொன்னேன் தாயி, அவளை வையாதீங்க" என்றார்கள்.

டாக்டரம்மா வையவில்லை. அவர்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை நினைவிருக்கிறது. இந்த வகைக் காமாலை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சில வாரத்தில் குணமாகிவிடும், இதற்கென்று கிருமியைக் கொல்லும் மருந்து இங்கிலீஷ் வைத்தியத்திலும் கிடையாது. அதனால்தான் பச்சிலை கொடுத்தவர்களும் குணமாகிறார்கள், கொடுக்காதவர்களும் குணமாகிறார்கள், பெயர் மட்டும் பச்சிலைக்குப் போகிறது. ஆனால் எல்லாக் காமாலையும் இந்தக் காமாலை இல்லை. பித்தக் கல் அடைப்பிலும் கண் மஞ்சளாகும், குடியினால் ஈரல் கெட்டாலும் மஞ்சளாகும், பி, சி என்ற வேறு கிருமிகளாலும் ஆகும். எது என்று இரத்தம் பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த நாலு நாளை வீட்டில் வீணாக்கக் கூடாது என்றார்கள்.

சகோதரிகள் சிலருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ என்ற வகை, கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20, 25 பேர் வரைகூட உயிரைப் பறித்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதேபோல் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறினாலோ, பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. பச்சிளம் குழந்தை வாயில் எந்தச் சாறும் விடக் கூடாது, தாய்ப்பால் மட்டும்தான். பெரியவர்களானால் மயக்கம், பிதற்றல், இரத்தக் கசிவு, நிற்காத வாந்தி, இவையெல்லாம் ஆபத்தின் அறிகுறி. உப்பில்லாப் பத்தியமும் வேண்டியதில்லையாம். பிள்ளைக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தெம்பு ஏற்ற வேண்டும் என்றார்கள். உப்பில்லாத கஞ்சியைப் பிள்ளை துப்பியபோது நான் முதுகில் ஒன்று வைத்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிள்ளை தேறிப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் இன்னொரு சங்கதி வெளியே வந்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார்கள். காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ரிடையர் ஆனவர்கள். கொலுவுக்கு வந்தபோது மாடிக்கு அழைத்துப் போய்ச் செடிகளைக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன! என் மஞ்சள் பூவைப் பார்த்ததும், "இதை எதுக்கு வளர்க்கிறீங்க?" என்றார்கள். கரிசலாங்கண்ணி என்றேன். குனிந்து ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்கள்.

"இது கரிசலாங்கண்ணி இல்லைம்மா. அழகுக்கு வைக்கிற வெளிநாட்டுக் கொடி. மத்திய அமெரிக்காப் பக்கத்துச் செடி. சிங்கப்பூர் டெய்சின்னு சொல்வாங்க. உலகத்தையே கெடுக்கிற அந்நிய உயிரினங்கள் நூறுன்னு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க, அதுலே இதுவும் ஒண்ணு. கீரையாச் சாப்பிடுற செடி இல்லே."

எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. இரண்டு நாள் என் கையாலேயே அரைத்து என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன்! வாந்தி அந்த இலையால்தான் வந்ததா, நோயாலேயே வந்ததா என்று கேட்டேன். "நோய்க்கும் வாந்தி உண்டு, அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தெரியாத இலையைக் கொடுத்தது தப்பு" என்றார்கள் டீச்சரம்மா. நியாயமான பதில். எதிர்வீட்டு மதினியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தவித்தேன். சொன்னபோது அவர்களும் பதறிவிட்டார்கள். பாவம், அவர்களுக்கும் யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்ததுதான்.

வித்தியாசத்தை டீச்சரம்மா பக்கத்தில் வைத்தே காட்டினார்கள். கவனமாகப் படியுங்கள். அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீள வாக்கில், சுண்டு விரல் போல ஒடுங்கி இருக்கும். ஓரத்தில் பல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். இரண்டு பக்கமும் தடவினால் சொரசொரப்பு. இரண்டு இரண்டு இலையாக எதிரெதிரே வரும். பூ ஒவ்வொன்றும் நீளக் காம்பில் தனியாக நிற்கும். போலியின் இலை அகலம், தடிப்பு, எண்ணெய் பூசினாற்போல் பளபளப்பு. முக்கியமாக, இலையின் இரண்டு பக்கமும் தோள் மாதிரி ஒவ்வொரு மடல் நீட்டிக்கொண்டு மூன்று பிரிவாகத் தெரியும். இளம் இலையில் இந்த மடல் சரியாகத் தெரியாமலும் போகலாம், அதனால் முற்றின இலைகளைப் பாருங்கள். போலியின் பூவும் பெரிசு. ஒரு மாதத்தில் சிமெண்டுத் தரையெல்லாம் படர்ந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள்! சந்தேகம் தீராவிட்டால் செடி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வாயில் வைக்க வேண்டாம்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி வேறு செடி. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் ஈரம் உள்ள இடமெல்லாம் தானாகக் கிடக்கும். சின்ன வெள்ளைப் பூ. இதை அடையாளம் காண்பது சுலபம். தண்டையும் இலையையும் கசக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் சாறு கறுத்துவிடும். அந்தக் காலத்தில் இந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரி போட்டு எரித்துத்தான் கண்மை கூட்டினார்கள். (குழந்தைகள் கண்ணில் மை தீட்ட வேண்டாம் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) தலைக்குக் காய்ச்சும் எண்ணெய்க்கு வெள்ளையும் கீரைக்கு மஞ்சளும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கரிசலாங்கண்ணியை அன்றாடம் சேர்த்துக்கொள்ளும்படி வள்ளலார் சொல்லியிருப்பதால், அந்த வழியில் வந்த குடும்பங்களில் இன்றும் விடாமல் சமைக்கிறார்கள். ஆனால் சாக்கடை கலக்கிற வாய்க்கால் ஓரத்தில் பறிக்காதீர்கள். நோய்க்கு மருந்து என்று போய் நோயையே வாங்கி வருவதாக ஆகும்.

அந்தப் போலிக் கொடியை வேரோடு பிடுங்கினேன். ஒரு கணு விட்டுப்போனாலும் மறுபடி முளைக்கிறது, லேசில் போகவில்லை. பிடுங்கியதைக் குப்பைமேட்டில் வீசாமல் வெயிலில் கருகக் காயவிட்டுத்தான் போட்டேன். பிறகு டீச்சரம்மாவே எங்கிருந்தோ அசல் செடியின் நாலு தண்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

இனி வளர்க்கும் விதம். விதைக்காக அலைய வேண்டாம், தண்டு போதும். நாலைந்து அங்குல நீளத்தில், மூன்று நாலு கணு இருக்கும்படி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். நான் வைத்தது ஓட்டை விழுந்த பழைய பிளாஸ்டிக் டப். அடியில் நாலு துளை, மேலே உடைந்த ஓட்டாஞ்சில். செம்மண் இரண்டு பங்கு, மக்கின சாணி உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நட்டதும் பத்து நாள் நிழலில் வைத்தேன். கணுவில் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்ததும் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் மாற்றினேன். இந்தச் செடிக்கு ஈரம் வேண்டும், தேங்கின தண்ணீர் ஆகாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால்தான் ஊற்றுவேன்.

எங்கள் போர்த் தண்ணீர் சரியான உப்பு. அதை ஊற்றின வாரமே இலை ஓரம் தீய்ந்து போயிற்று. அரிசி கழுவின தண்ணீர், பருப்பு கழுவின தண்ணீர் இரண்டையும் ஒரு வாளியில் சேர்த்து வைத்து ஊற்றுகிறேன், தெளிந்துவிட்டது. குடிதண்ணீர் மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் சிலர் செடிக்கு விடுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம், வேண்டாம். கத்திரி வெயிலுக்குப் பச்சை வலை கட்டியே தீர வேண்டும். வலைக்கு வசதியில்லாவிட்டால் பழைய வாயில் புடவை போதும், நான் முதல் வருஷம் அப்படித்தான் சமாளித்தேன். ஐப்பசி மழையில் தொட்டியின் துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும். ஒரு தடவை மாவுப்பூச்சி வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தேன். அதன் பிறகு ஒரு வாரம் இலை பறிக்கவில்லை.

நாற்பது நாற்பத்தைந்து நாளில் முதல் பறிப்பு. அடியில் இரண்டு கணு விட்டு நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துச் செடி அடர்த்தியாகும். ஒரு தொட்டி நம் குடும்பத்துக்குப் பற்றாது, மூன்று இருந்தால் வாரம் ஒரு தடவை கீரை உண்டு. ஒன்றிலே பறித்தால் மற்றது தழையும். வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணை மாற்றிப் புதுத் தண்டு நட்டுவிடுங்கள், பழைய செடி குச்சியாகிப் போகிறது.

சமையலில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலைந்து தண்ணீரில் அலசிப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்துக் கடைந்துவிடுவேன். லேசாகக் கசக்கும். அதற்குத் தேங்காய் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் பிள்ளைகள் முகம் சுளிக்க மாட்டார்கள். தோசை மாவில் அரைத்துக் கலந்தால் பச்சைத் தோசை. துவையலுக்கு எள்ளும் உளுத்தம்பருப்பும் வறுத்துச் சேர்ப்பது அத்தையின் கைப்பக்குவம், நான் செய்தால் அந்த ருசி வருவதில்லை.

இரத்தம் ஊறும் என்று இந்தக் கீரையைச் சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் உள்ள இரும்புச் சத்து முழுவதும் உடம்பில் ஒட்டுவதில்லை. கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் இருக்கிறதும் போய்விடும். கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை, "கீரைதான் சாப்பிடுகிறேனே" என்று நிறுத்திவிடக் கூடாது. பார்த்தீனியச் செடி பட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு அதே குடும்பத்துச் செடிகள் எல்லாமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்து ஆரம்பியுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒரு வயதுக்கு மேல் போடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். வீட்டில் குடிதண்ணீரை இப்போது தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் வடிகட்டுகிறோம். கேஸ் கூடுதலாகச் செலவாகிறது என்று முன்பு முணுமுணுத்த என் வீட்டுக்காரர் இப்போது வாயே திறப்பதில்லை.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பச்சிலையில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டதா என்றால், இல்லை. வாரம் ஒரு நாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பைய மாடி ஏறி வந்து தொட்டிப் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு மாற்றம். பறிக்கிற ஒவ்வொரு இலையையும் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் தடவி, சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முறத்தில் போடுகிறார்கள். "நாமளே வச்ச செடிதானே அத்தே" என்றால், "இருக்கட்டுந்தா" என்று அடுத்த இலையை எடுப்பார்கள்.

லண்டன்காரி ஊருக்குத் திரும்பும்போது தண்டு கேட்டாள். அங்கே அனுமதிக்க மாட்டார்கள் என்று சொல்லி, எதிர்வீட்டு மதினிக்குத்தான் நாலு தண்டு வெட்டிக் கொடுத்தேன். கூடவே ஒரு பழைய இலையும்.